நிரந்தர இயக்குநர்

காலையில் எழுந்ததும் மோட்டாரைப் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் பால் காய்ந்துவிடும். குக்கரை வைத்துவிட்டு மிருதுளாவை எழுப்புவேன். கூப்பிட்டால் எழ மாட்டாள். ஜன்னல் திரையை விலக்கினால் எழுந்துகொள்வாள். பல் துலக்கிக்கொண்டே பேசுவாள். என்ன சொல்கிறாள் என்று புரியாது. ம் என்பேன். இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டுவிட்டேன். வலது பக்கச் சடை மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். பள்ளியில் யாரோ கேட்டார்களாம். எங்கப்பா பின்னினது என்று சொன்னதாக வந்து சொன்னாள். புகாரா, பெருமையா தெரியவில்லை. மோட்டார் சத்தம் மாறினால் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். அணைப்பேன். அது என் மாமனார் கம்பெனி மோட்டார். இதுவரை பழுதானதில்லை.

அன்று சனிக்கிழமை. பள்ளி இல்லை. மிருதுளா தோசையின் ஓரத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தபோது பிரகலாதன் கூப்பிட்டார். என் மனைவி நவநீதாவின் அண்ணன். பதினோரு மணிக்கு போர்டு மீட்டிங், மறந்துவிட வேண்டாம் என்றார். குழந்தையையும் கூட்டி வரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் விஷயம் அம்மிணியை, அதாவது மிருதுளாவை, பற்றியது, தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

"நவியும் இருப்பா, மாப்ளே. அவ சொல்றபடிதான் எல்லாம்."

நவநீதா ஆடி மாதம் இறந்துவிட்டாள். பித்தப்பையில் சின்ன அறுவை சிகிச்சை. பிறகு ரத்தத்தில் கிருமி. இப்போது தை.

என் மாமனார் நாச்சிமுத்து கோயமுத்தூரில் பம்பு கம்பெனி நடத்துகிறார். கணபதியில் ஃபவுண்டரி, பல்லடம் ரோட்டில் நூற்பாலை, உடுமலைப் பக்கம் காற்றாலைகள், நிலம். அவருடைய அப்பா காலத்தில் சொத்துப் பிரிவினை கோர்ட்டுக்குப் போய், கடைசியில் வக்கீல்கள்தான் மாடி வீடு கட்டினார்கள் என்பார். மறுபடி அது நடக்கக் கூடாது என்றுதான் டிரஸ்ட் கம்பெனியைத் தொடங்கினார். சொத்து யார் பெயரிலும் இருக்காது. எல்லாம் டிரஸ்ட்டுக்குள். அந்த டிரஸ்ட்டை நிர்வகிக்க, குடும்பமே நடத்தும் ஒரு தனியார் கம்பெனி. குடும்பத்தார்தான் இயக்குநர்கள். யாருக்கு என்ன படிப்பு, என்ன வைத்தியம், எங்கே கல்யாணம் என்பது வரை போர்டில் பேசி முடிவாகும். கல்யாணமான புதிதில் இதை எனக்கு உட்கார வைத்து விளக்கினார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சீக்கிரம் புரிந்துகொள்வேன் என்று நினைத்திருப்பார்.

"மனுசன் ட்ரஸ்டியா இருந்தாச் செத்துப் போவானுங்க மாப்ளை. கம்பெனிக்குச் சாவு இல்லீங்க."

பிறகு சட்டம் மாறியது. இயக்குநர்களுக்கும் சாவு இல்லாமல் போனது. ஒருவருடைய பேச்சைச் சில வருடங்கள் விடாமல் பதிவுசெய்தால், எந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று கணிக்கும் ஒரு மாதிரியை உருவாக்கிவிடலாம். அவர் இறந்த பிறகு அந்த மாதிரி அவர் குரலிலேயே பேசும். குடும்ப டிரஸ்ட் கம்பெனிகளில் அதற்கு ஓட்டும் உண்டு. காகிதத்தில் அதன் பெயர் நிரந்தர இயக்குநர். மாமனார் தனக்காகத்தான் இதை ஏற்பாடு செய்தார். தான் போன பிறகும் போர்டில் இருக்க வேண்டும் என்று. எல்லோருடைய கைபேசியிலும் பதிவு ஓட ஆரம்பித்தது. முதலில் அந்த நாற்காலிக்கு வந்தது அவர் மகள்.

முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட பிறகு குரலைப் போட்டார்கள். எல்லோருக்கும் ஏதாவது சொல்லு நவி என்று பிரகலாதன் கேட்டார். "எல்லாரும் ஒத்துமையா இருங்க. எனக்கு அது போதும்" என்றது. சொந்தக்காரர்கள் அழுதார்கள். அவள் படத்தோடும் குத்துவிளக்கோடும் அந்த வரி கைபேசிகளில் சுற்றி வந்தது. மேலே 'நவநீதாவின் கடைசி வார்த்தை' என்று போட்டிருந்தது. குரல் அவளுடையதுதான். ஆனால் அவள் அப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. ஒத்துமை என்ற சொல்லையே கேட்டதில்லை. அதன் பிறகு நான் அந்தக் குரலிடம் எதுவும் கேட்கவில்லை.

ரேஸ்கோர்ஸ் வீட்டில் நாங்கள் இறங்கியதும் மிருதுளா, "அம்மா பொட்டி இன்னைக்கு இருக்குமாப்பா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அவள் நாயைத் தேடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

கூடத்தில் நீள மேஜை. அதன் தலைப்பக்கம் மாமனார். வலது பக்கம் மாமியார் வசந்தாமணி, அடுத்து பிரகலாதன். கம்பெனிச் செயலாளர் வரதன் மடிக்கணினியோடு இருந்தார். இடது பக்கம் ஒரு நாற்காலியில் மெத்தை போட்டு, அதன் மேல் கைப்பிடி அளவு கறுப்பு ஒலிபெருக்கி. மாமியார் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் அதற்குப் பூ வைப்பார். துளை அடைத்துக்கொள்கிறது என்று, குரலை உருவாக்கிய பெங்களூர் நிறுவனத்திலிருந்து வரும் பொறியாளர் பெனிட்டா சொன்னதிலிருந்து பக்கத்தில் வைக்கிறார். பெனிட்டா நாகர்கோவில்காரி. அன்றும் வந்திருந்தாள். குரல் ஓட்டுப் போடும்போது அவள் அறையில் இருக்க வேண்டும் என்பது விதி.

வரதன் தீர்மானத்தைப் படித்தார். சிறுமி மிருதுளாவின் பாதுகாவலராக டிரஸ்ட் கம்பெனியே இருக்கும். குழந்தை ரேஸ்கோர்ஸ் வீட்டில் வளரும். ஜூன் மாதம் ஊட்டியில் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படும். தந்தை விரும்பும்போது வந்து பார்க்கலாம்.

மாமனார் என்னைப் பார்த்துத்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. எனக்கு வயது இருக்கிறது, நாளைக்கு இன்னொரு கல்யாணம் என்று வரும், வரவும் வேண்டும் என்றார். வாடகை வீட்டில் ஒண்டி ஆளாகப் பெண் குழந்தையை எத்தனை நாளைக்கு வளர்ப்பது என்று கேட்டார். சடை பின்னியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறதே என்று பிரகலாதன் சொல்லிச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டார்.

எனக்குச் சம்மதமில்லை என்றேன்.

வரதன் விதியை நினைவுபடுத்தினார். குழந்தை விஷயத்தில் தந்தைக்கு ஒரு ஓட்டு, தாய்க்கு ஒரு ஓட்டு. இருவரும் மறுத்தால் தீர்மானம் விழுந்துவிடும். ஒருவர் சம்மதித்து ஒருவர் மறுத்தால் தலைவர் முடிவு செய்வார். தலைவர் மாமனார். ஆகவே எல்லாம் அந்த நாற்காலி சொல்வதில்தான் இருந்தது.

வரதன் அதன் பக்கம் திரும்பி, கொஞ்சம் சங்கடத்தோடு, நவநீதா மேடம் உங்கள் ஓட்டு என்ன என்று கேட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

"பாக்கலாமுங்க."

வரதன் தட்டச்சு செய்தார். திரை என் பக்கம் தெரிந்தது. ஒப்புதல் என்று எழுதியிருந்தார்.

"அது ஒப்புதல் இல்லைங்க" என்றேன்.

அவள் பாக்கலாம் என்று சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம் என்றேன். பிரகலாதன் மெதுவாக, மாப்ளே, நமக்குச் சாதகமாக இல்லையென்றால் அர்த்தத்தை மாற்றக் கூடாது என்றார். நான் பெனிட்டாவைக் கேட்டேன். அந்தச் சொல் ஒப்புதல் என்று மாதிரிக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை, அதுவே கற்றுக்கொண்டது என்றாள் அவள். ஒருவர் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் சொன்ன பிறகு என்ன நடந்தது என்று மாதிரி பார்க்கும்.

"பாக்கலாமுங்கன்னு அவங்க சொன்ன எல்லா எடத்துலயும் பிறகு அந்தக் காரியம் நடந்திருக்கு சார். அதனால சம்மதம்னு எடுத்துக்கிச்சு."

"யார் நடத்துனாங்க?"

"அது அதுக்குத் தெரியாது சார். நடந்துதா இல்லையான்னுதான் பாக்கும்."

ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று ஆகாது; வகுப்பில் முதல் வாரமே நடத்தும் பாடம் இது. நான் அதைச் சொல்லவில்லை. மாமனாரிடம், கட்டிட வரைகலை ஆபீஸில் நவநீதா பார்த்த வேலையை அவர் விடச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பாக்கலாமுங்க என்றாள். மறுநாள் அவரே அவள் ஆபீஸுக்குப் பேசி, நாளையிலிருந்து வர மாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

"அவ ஒண்ணுஞ் சொல்லலியே" என்றார்.

"சொன்னாளுங்க மாமா."

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அவளே சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி முதல் மாதம். ஒரு நண்பன் வீட்டு விருந்துக்குப் போகலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று செருப்பைக் கழற்றினேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினாள். அவர்கள் வீட்டில் பெரியவர்களிடம் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. பாக்கலாமுங்க என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து என்னிடம் எல்லாவற்றுக்கும் மாட்டேன்தான். காபி வேண்டுமா, மாட்டேன். மழை வருகிறது, குடை எடுத்துக்கொள், மாட்டேன் போங்க. சில சமயம் கேள்வியை முடிக்கும் முன்பே சொல்வாள். அந்தச் சொல்லை அவள் ஒரு தின்பண்டம் போல வைத்திருந்தாள்.

இதை மேஜையில் சுருக்கமாகச் சொன்னேன். மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"செரிங்க மாப்ளை. நான் ஒண்ணு கேக்கறேன். உங்க போட்டோவக் காட்டி, கண்ணு, இந்தப் பையனக் கட்டிக்கறயான்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொல்லியிருப்பான்னு நெனைக்கறீங்க?"

நான் மேஜையிலிருந்த அவருடைய கண்ணாடியைப் பார்த்தேன்.

"பாக்கலாமுங்கன்னுதான் சொன்னா. அன்னைக்குச் சாயங்காலமே நான் உங்கப்பாவுக்குப் போன் போட்டேன். இப்ப நீங்க சொல்றாப்பல பாத்தா, அதுவும் வேண்டாம்னுதான?"

தோட்டத்தில் மிருதுளா நாயை அதட்டுவது கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றால் என் கல்யாணம் போய்விடும். இல்லை என்றால் குழந்தை போய்விடும். அவர் அதைத் தெரிந்துதான் கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. வியாபாரத்தில் எதிராளியின் கணக்கைச் சரிபார்ப்பது போலக் கேட்டார்.

"அதையும் வேண்டாம்னே எழுதிக்குங்க" என்றேன்.

வரதன் எழுதவில்லை.

மாமனார் கொஞ்ச நேரம் கறுப்புப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, வெளியூரில் படித்தவர்களுக்கு நம் பேச்சு விளங்குவதில்லை என்றார். இந்த வீட்டுப் பெண்கள் பாக்கலாம் என்றால் சரி என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷமாக அப்படித்தான் வீடு நடக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் அத்தையையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவரே மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மணி, நாஞ் சொல்றது செரிதான?"

மாமியார் தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பாக்கலாமுங்க."

வரதனின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. பிரகலாதன் சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார். மாமியாரும் ஓர் இயக்குநர்தான். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லி வந்தார். வரதன் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் என்று எழுதினார்.

மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தனுங்க. அப்பாகிட்ட மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்லாத சாமி, பாக்கலாம்னு சொல்லி வெய்யின்னு. எங்கம்மா எனக்குச் சொன்னதுதானுங்க." கொஞ்சம் நிறுத்தி, "மாப்ளை சொல்றது செரிங்க" என்றார்.

மாமனார் அவரை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். எதையெல்லாம் நினைத்துக்கொண்டார் என்று தெரியாது. அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடங்களுக்கு மேல் இருக்கும்.

வரதன் மெதுவாக ஒப்புதல் என்பதை அழித்துவிட்டு மறுப்பு என்று எழுதினார். தீர்மானம் விழுந்தது. நான் எழுந்துகொள்ளலாமா என்று யோசித்தபோது பெனிட்டா கையை லேசாக உயர்த்தினாள். ஒரு சிக்கல் இருக்கிறது என்றாள்.

நிரந்தர இயக்குநராக இருப்பதற்கு இறந்தவரின் சம்மதம் வேண்டும். கையெழுத்து செல்லாது, வாயால் சொன்ன பதிவு வேண்டும் என்பது சட்டம். கம்பெனி வக்கீல் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவுசெய்தார். உங்கள் பேச்சைப் பதிவுசெய்யலாமா, உங்களுக்குப் பிறகு உங்கள் குரல் போர்டில் இருக்கலாமா என்று. நவநீதாவிடமும் கேட்டார்.

"என்ன சொன்னா?" என்றார் பிரகலாதன். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

பெனிட்டா சொல்லவில்லை. இனி இந்தக் குரலை வைத்திருக்க முடியாது, அணைத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பதிவுகளும் அழிக்கப்படும். தாயின் ஓட்டே இல்லையென்றாலும் தந்தை மறுத்திருப்பதால் தீர்மானம் விழுந்தது விழுந்ததுதான் என்றார் வரதன். பெனிட்டா மன்னிப்புக் கேட்கும் தொனியில்தான் பேசினாள்.

மாமனார் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"காலைல காப்பி குடிக்கறப்ப இங்க வந்து உக்காருவேனுங்க. ரெண்டு வார்த்தை பேசுவா. ஃபவுண்டரி எப்படீங்கப்பா போகுதும்பா." அவர் என்னிடம் சொன்னாரா, பெனிட்டாவிடம் சொன்னாரா தெரியவில்லை. "அப்ப நாளைக்கு?"

மாமியார் எழுந்து போய் நாற்காலியிலிருந்த பூவை எடுத்துக்கொண்டார்.

நான் வெளியே வந்து மிருதுளாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பெனிட்டா பின்னாலேயே வந்தாள். கையில் மடிக்கணினி இருந்தது. அழிப்பதற்கு முன்னால் தவறாகக் கற்ற இடங்களையெல்லாம் திருத்தி மூட வேண்டும், அது விதி, அதில் ஓர் இடம் மட்டும் சந்தேகம் என்றாள்.

"உங்ககிட்ட பேசினதுல எல்லாம் மாட்டேன், முடியாது, வேண்டாம்தான் சார். பாக்கலாமுங்கங்கற சொல் ஒரே ஒரு எடத்துலதான் வருது. உங்ககிட்ட அவங்க நேராத்தான பேசியிருக்காங்க. அதனால அந்த ஒண்ணு நெஜமாவே பார்க்கலாம்ங்கற அர்த்தத்துல இருக்கலாம். விட்டுரட்டுமா, மாத்திரட்டுமா?"

எப்போது சொன்னது என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

"கடைசிப் பதிவு சார். அதுக்கப்புறம் எதுவும் இல்லை."

ஒரே ஒரு தரவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மாணவர்களிடம் அதைத்தான் சொல்வேன். செருப்பு கார் டயருக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தேன்.

"மாத்திருங்க" என்றேன்.

திரும்பும்போது மிருதுளா பின்சீட்டில் இருந்தாள். இனிமேல் அம்மா பொட்டி இருக்காதா என்று கேட்டாள். பாட்டி சொல்லியிருப்பார். இருக்காது என்றேன். சரி என்றாள். லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கும்போது, தன் சடை அவிழ்ந்துவிட்டது என்றாள். வீட்டுக்குப் போய்ப் பின்னிவிடுகிறேன் என்றேன்.

நவநீதா என்னிடம் அதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில். காய்ச்சல் குறைந்திருந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தேறிவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. குழாய் ஏற்றிய கை போர்வைக்கு வெளியே இருந்தது. அவள் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளுக்காகக் கட்டில் விரிப்பை மாற்றி வைத்தேன். தலையணை உறையையும் மாற்றினேன். நான் கேட்டது இவ்வளவுதான். புதன்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள், மிருவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மூன்று பேருமாகப் போகலாமா என்று கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாக்கலாமுங்க" என்றாள்.